ஞாயிறு காலையின் குரல்: கொல்கத்தா வானொலியும் மெல்லிசை நிகழ்ச்சியும்

வார இறுதியில், காலை நேரத்தில், அவசரமில்லாமல் ஒலிக்கும் பாட்டு நிகழ்ச்சியைப் பல வானொலி நிலையங்கள் இடம் நிரப்பும் வேலையாகவே நடத்துகின்றன. அன்று அலுவலகம் போகிறவர்களின் கூட்டம் இல்லை, விளம்பரதாரர்களின் நெருக்கடியும் குறைவு. பழைய பாடல்கள் சிலவற்றை அடுக்கி, நடுவில் மணி சொல்லிவிட்டால் போதும் என்ற எண்ணம் நிலவுகிறது. அந்த நேரத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவரை அமர்த்துவதும், ஆளே இல்லாமல் கணினியை ஓடவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

கொல்கத்தாவின் வானொலி வரலாறு இந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. அங்கே ஒரு பாடகர் 1929 முதல் 1975 வரை, 45 ஆண்டுகளுக்கும் மேலாக, ஞாயிறு காலையில் வானொலி வழியே நேயர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். பல தலைமுறைகள் அந்த நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தன. அதே நகரில் ஆங்கிலப் பாடல்களுக்கென்று ஒரு ஞாயிறு நிகழ்ச்சி இளைஞர்களைக் கட்டிப்போட்டது. தனியார் பண்பலைகள் வந்த பிறகும் அந்நகரில் மிக அதிகமாகப் பேசப்பட்ட வானொலி நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிதான்.

அப்படியானால் வார இறுதிக் காலை நிகழ்ச்சி ஒன்றை நிலைநிறுத்துவது எது? பாடல்களா, தொகுப்பவரின் குரலா, நிலையத்தின் ஆதரவா? கொல்கத்தாவின் அனுபவத்தை முதன்மையாக வைத்து, தமிழ் ஒலிபரப்பையும் பிற நாட்டு ஒலிபரப்பையும் தேவையான இடங்களில் ஒப்பிட்டு, இக்கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு மனிதரிடம் இருக்க வேண்டும். அந்த மனிதர் அதே கிழமையில், அதே நேரத்தில், ஆண்டுக்கணக்கில் வர வேண்டும். இந்த இரண்டும் இருந்தபோதெல்லாம் நிகழ்ச்சி செழித்தது. இரண்டில் ஒன்று பறிபோனபோது பாடல்கள் எவ்வளவு நல்லவையாக இருந்தும் அது பட்டுப்போனது.

இசைத்தட்டின் நகரம்

வானொலி வருவதற்கு முன்பே கொல்கத்தா பதிவு செய்யப்பட்ட இசையின் நகரமாகிவிட்டது. கிராமபோன் கம்பெனி 1902-இல் இந்தியாவில் முதல் ஒலிப்பதிவுகளை எடுத்தது இந்நகரில்தான். கௌஹர் ஜான் போன்ற பாடகிகளின் குரல் தட்டில் ஏறியதும் அப்போதுதான். 1908-இல் சியால்தாவில் இசைத்தட்டு அச்சிடும் ஆலை தொடங்கப்பட்டது. பின்னர் அந்தப் பணி டம்டமுக்குப் பெயர்ந்தது. துர்கா பூஜைக்குப் புதுத்துணி எடுப்பதைப்போலப் புதிய இசைத்தட்டு வாங்குவதும் பிற்காலத்தில் வங்காள நடுத்தர வர்க்கத்தின் பழக்கமானது. பாட்டை வீட்டுக்குள் வைத்துக் கேட்கப் பழகிய ஊர் அது.

1923-இல் கொல்கத்தாவில் ஒரு வானொலிக் கழகம் சிறிய அளவில் ஒலிபரப்பத் தொடங்கியது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டியார் நிறுவிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டு நகரங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் புறப்பட்டாலும் பாதைகள் பிரிந்தன. பணமுடையால் சென்னைக் கழகம் 1927-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் கொல்கத்தா நிலையத்தை வங்காள ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சன் தொடங்கிவைத்தார். கார்ஸ்டின் பிளேஸ் முதல் எண் கட்டடத்தில் அது இயங்கியது.

அந்தக் கம்பெனியும் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1930-இல் அது நொடித்துப்போக, அரசு ஒலிபரப்பை ஏற்றுக்கொண்டது. அப்போது இந்தியா முழுவதுமே உரிமம் பெற்ற வானொலிப் பெட்டிகள் எட்டாயிரத்தைத் தொடவில்லை. இவ்வளவு குறைந்த நேயர்களை நம்பி நடத்தப்பட்ட நிலையத்தில்தான் நம் பொருளுக்கு மூலமான நிகழ்ச்சி பிறந்தது.

பங்கஜ் மல்லிக்கின் வகுப்பறை

பங்கஜ் குமார் மல்லிக் 1905-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். அவர் வானொலிக்கு வந்த கதையில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்குண்டு. மழைக்கு ஒதுங்கிய இளைஞர் மல்லிக், ஒரு மருத்துவரின் வாசலில் நின்று தாகூரின் மழைப் பாடலொன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து கேட்ட டாக்டர் ராமசாமி ஐயங்கார் அவரை அழைத்துப் பேசி, கார்ஸ்டின் பிளேஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார் என்று மல்லிக்கின் வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. 1927 செப்டம்பர் 26 அன்று மல்லிக்கின் குரல் முதன்முதலில் வான்வழி ஒலித்தது. நிலையம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1929-இல், அவர் 'சங்கீத் சிக்ஷார் ஆசர்' என்ற இசைப் பயிற்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். ஞாயிறு காலை. நேயர்கள் கையில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு வானொலிப் பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். மல்லிக் முதலில் பாட்டின் சொற்களை எழுதிக்கொள்ளும் வேகத்தில் வாசிப்பார். பிறகு ஒரு வரியைப் பாடிக் காட்டுவார். அதையே திரும்பப் பாடுவார். எதிரே மாணவர்கள் இல்லாதபோதும் அவர்கள் இருப்பதாகவே எண்ணி நிறுத்தி, திருத்தி, மறுபடி தொடங்குவார்.

இந்த நிகழ்ச்சியின் அருமையை உணர அக்காலத்து வீடுகளை நினைத்துப்பார்க்க வேண்டும். பாட்டு வாத்தியாரை வீட்டுக்கு அழைக்கப் பணம் வேண்டும். பெண்களை வெளியே பாட்டுக்கு அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. மாவட்ட ஊர்களில் நல்ல ஆசிரியர் கிடைப்பதே அரிது. இந்த மூன்று தடைகளையும் ஒரு வானொலிப் பெட்டி ஒரே நேரத்தில் தாண்டியது. தாகூரின் பாடல்கள் அதுவரை சாந்திநிகேதனிலும், தாகூர் குடும்ப இல்லமான ஜோராசாங்கோவின் வட்டத்திலும், பிரம்ம சமாஜக் கூட்டங்களிலும்தான் அதிகம் பாடப்பட்டன. அவை சாதாரண வீட்டுச் சமையலறைக்கும் கூடத்துக்கும் வந்துசேர்ந்ததில் மல்லிக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் பாடல்களை எடுத்துச் சொல்வதோடு நின்றவரும் இல்லை. தாகூரின் கவிதை ஒன்றுக்குத் தானே இசையமைத்து, கவிஞரின் இசைவைப் பெற்று, 1937-இல் வெளிவந்த 'முக்தி' திரைப்படத்தில் அதைச் சேர்த்தார். நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தின் முன்னணி இசையமைப்பாளராக இருந்தார். பின்னணிப் பாடல் முறையை இந்தியத் திரைக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் ராய்சந்த் போராலுடன் அவரும் இருந்தார். பத்மஸ்ரீயும், 1972-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் பின்னாளில் அவரைத் தேடி வந்தன. இத்தனை வேலைக்கும் புகழுக்கும் நடுவே ஞாயிறு வகுப்பை அவர் விடவில்லை. திரையுலகம் அவருக்குப் பேர் தந்தது உண்மை. ஆனால் வங்காளத்துக்கு அவர் தந்தவற்றில் ஆழமாக வேர் பிடித்தது அந்த வகுப்புதான் என்று நான் கருதுகிறேன்.

இந்த நிகழ்ச்சியை ஆராய்ந்தால் மூன்று கூறுகள் புலப்படுகின்றன. முதலாவது, தேர்வு முழுவதும் ஒருவருடையது. எந்தப் பாட்டு, எவ்வளவு வேகம், எத்தனை முறை என்பதை மல்லிக்கே தீர்மானித்தார். இரண்டாவது, நேயரை அவர் உயர்வாக மதித்தார். கடினமான சங்கதியையும் கற்றுக்கொள்வார்கள் என்று நம்பினார். மூன்றாவது, நேரம் மாறவில்லை. ஞாயிறு காலை என்றால் மல்லிக் என்ற உறுதி பிறந்த பிறகு, நேயர்கள் தங்கள் காலையையே அதற்கேற்ப அமைத்துக்கொண்டார்கள்.

அதே நிலையத்தில் இதே மனப்போக்கு வேறு நிகழ்ச்சிகளிலும் இருந்தது. 1930-களின் இறுதியில் காஜி நஸ்ருல் இஸ்லாம், சுரேஷ் சக்கரவர்த்தியுடன் சேர்ந்து, வழக்கொழிந்துபோன ராகங்களை மீட்டெடுக்கும் 'ஹாராமணி' நிகழ்ச்சியை நடத்தினார். 1929 முதல் வெளிவந்த 'பேதார் ஜகத்' என்ற நிலைய இதழ் நிகழ்ச்சி நிரலையும் கட்டுரைகளையும் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. தமிழில் 'வானொலி' இதழ் செய்த பணிக்கு இணையானது அது. கேட்பதற்கு முன்பே நேயரை ஆயத்தப்படுத்தும் இந்த ஏற்பாடு நிகழ்ச்சியின் பாதி பலம்.

சென்னை வானொலியும் இசைப் பயிற்சி நிகழ்ச்சியைப் பேர்பெற்ற வித்வான்களைக் கொண்டு நடத்தியிருக்கிறது. மார்கழியில் திருப்பாவையைக் கூடவே பாடிக் கற்றவர்கள் தமிழகத்தில் ஏராளம். ஆசிரியர்கள் மாறி மாறி வந்தது சென்னை வழி. ஒரே ஆசிரியரிடம் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக வகுப்பை விட்டுவைத்தது கொல்கத்தா வழி.

1975, 1976: நேயர்களின் தீர்ப்பு

1975-இல் மல்லிக்கின் ஞாயிறு வகுப்பு நிறுத்தப்பட்டது. அவருக்கு அப்போது 70 வயது. மூன்று ஆண்டுகளுக்குள், 1978 பிப்ரவரியில், அவர் காலமானார். ஒரு நிகழ்ச்சிக்கு முடிவு வரலாம்; வயதும் காலமும் யாரையும் விடுவதில்லை. ஆனால் அரை நூற்றாண்டை நெருங்கிய உறவை முடிக்கும்போது, அடுத்தவரை ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிக் கைமாற்றியிருக்க வேண்டும். குருகுலத்தைப் போல நடந்த நிகழ்ச்சி குருகுலத்தைப் போலவே வாரிசையும் உருவாக்கியிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு நடந்தது ஒலிபரப்பு வரலாற்றில் அனைவரும் அறிந்தது. மகாளய அமாவாசை விடியற்காலை நான்கு மணிக்கு ஒலிக்கும் 'மகிஷாசுரமர்த்தினி' 1930-களின் தொடக்கத்திலிருந்து வங்காளிகளின் பூஜைக் காலத்தைத் தொடங்கிவைத்து வருகிறது. பாணி குமாரின் எழுத்து, மல்லிக்கின் இசை, வீரேந்திர கிருஷ்ண பத்ராவின் வாசிப்பு. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அதை நீக்கிவிட்டு நடிகர் உத்தம் குமாரின் குரலில், ஹேமந்த முகர்ஜியின் இசையில் புதிய நிகழ்ச்சி ஒலிபரப்பப்பட்டது. உத்தம் குமார் அன்றைய வங்காளத் திரையின் உச்ச நட்சத்திரம். ஹேமந்தரின் குரலையும் இசையையும் விரும்பாத வங்காளி கிடையாது. ஆனாலும் நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டே துர்கா பூஜையின் சஷ்டியன்று பழைய நிகழ்ச்சியை மீண்டும் ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு முதல் மகாளய விடியலில் பத்ராவின் குரலே திரும்பியது. 2019-இல் 'மகாளயா' என்ற பெயரில் இந்நிகழ்வு திரைப்படமாகவும் வந்தது.

ஆண்டுக்கொரு முறை வரும் விடியற்காலை நிகழ்ச்சியும் வாரந்தோறும் வரும் காலை நிகழ்ச்சியும் ஒன்றல்ல. எனினும் இந்தத் தீர்ப்பு நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. குறிப்பிட்ட நேரத்தில் கேட்டுப் பழகிய குரலின் இடத்தைப் புகழ்மிக்க வேறொரு குரல் நிரப்பாது. காலை நேரம் மனத்தின் கதவு இன்னும் முழுதாகத் திறக்காத நேரம். அப்போது உள்ளே வரும் குரலை மக்கள் வீட்டு மனிதராகவே ஏற்றுக்கொள்கிறார்கள்.

நேயர் விருப்பம் என்ற மாற்றுப் பாதை

ஆசிரியர் தேர்ந்தெடுப்பது ஒரு மரபு என்றால், நேயர் கேட்பதைப் போடுவது இன்னொரு மரபு. இந்தியாவில் அது வளர்ந்ததற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். சாஸ்திரிய இசைக்கு அவர் காலத்தில் நன்மைகள் விளைந்தன. சனிக்கிழமை இரவுகளில் ஒலித்த இசை தேசிய நிகழ்ச்சி 1952-இல் தொடங்கியதுதான். ஆனால் திரைப்பாடல் கேட்க விரும்பியவர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' இலங்கை வானொலியிலிருந்து இந்தியாவைக் கட்டியாண்டது. 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி தொடங்கப்பட்டது இந்த நெருக்கடியின் விளைவே. பாட்டு கேட்டு அஞ்சலட்டை அனுப்பியே ஜும்ரி திலையா என்ற சிற்றூர் நாடெங்கும் தெரிந்த பெயரானது.

தமிழர்களுக்கு இந்தக் கதை நெருக்கமானது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் கடலைத் தாண்டித் தமிழக வீடுகளில் ஒலித்தன. 'பொங்கும் பூம்புனல்' கேட்டு நாளைத் தொடங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த அறிவிப்பாளர்கள் நேயர் விருப்பத்துக்குப் பணிந்தே பாடல் போட்டார்கள் என்று நினைத்தால் தவறு. வந்து குவிந்த கடிதங்களிலிருந்து எதை எடுப்பது, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, இடையில் எத்தனை சொல் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. விருப்பம் நேயருடையது, தொடுப்பது அறிவிப்பாளருடையது.

கொல்கத்தா நிலையத்தின் 'அனுரோதேர் ஆசர்' இந்த வகையைச் சேர்ந்தது. ஹேமந்த முகர்ஜி, மன்னா டே, சந்தியா முகர்ஜி, சியாமள் மித்ரா ஆகியோர் பாடிய வங்காள நவீனப் பாடல்களை நேயர்கள் கேட்டுப் பெற்றார்கள். திரைப்படத்தைச் சாராத தனிப்பாடல்களுக்கு இவ்வளவு பெரிய நேயர் கூட்டம் இருந்தது வங்காளத்தின் தனிச்சிறப்பு. தமிழில் வானொலி நிலையங்கள் மெல்லிசைப் பாடல்களை உருவாக்கி ஒலிபரப்பின. ஆனால் திரைப்பாடலின் வெள்ளத்தில் அவை கரையேறவில்லை. வங்காளத்தில் இசைத்தட்டுக் கம்பெனிகளும் வானொலியும் கைகோத்ததால் தனிப்பாடல் தன் காலில் நின்றது. வார இறுதியில் மெல்லிய பாடல்களுக்குப் பஞ்சமில்லாத கையிருப்பு அந்நகருக்கு இப்படித்தான் சேர்ந்தது.

ஆங்கிலப் பாடல்களின் ஞாயிறு

கொல்கத்தாவின் இன்னொரு முகம் பார்க் ஸ்ட்ரீட். டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் போன்ற உணவகங்களில் மாலைதோறும் நேரடி இசை ஒலித்த காலம் அது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் காஞ்சிபுரப் பட்டுடன் டிரிங்காஸ் மேடையில் 1969-இல் பாடத் தொடங்கி, பின்னர் அந்நகரத்தையே தன் ஊராக்கிக்கொண்டார். ஆனால் பார்க் ஸ்ட்ரீட் உணவகத்தில் உட்காரும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது? ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் அந்த இசையைச் செலவில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தது கொல்கத்தா பி அலைவரிசையின் 'மியூசிக்கல் பேண்ட்பாக்ஸ்'. ஞாயிறுதோறும் வந்த அந்நிகழ்ச்சியைத் தொகுத்த வருண் ஹால்தாரை நேயர்கள் 'பி.கே.' என்றே அறிந்திருந்தார்கள். ஆங்கிலச் செய்தி வாசிப்பிலும் பெயர்பெற்றவர் அவர்.

வெளிநாட்டு இசைத்தட்டு எளிதில் கிடைக்காத காலத்தில் தொகுப்பாளரின் பொறுப்பு மிகப் பெரியது. அவர் போடாத பாடல் அந்த நகரத்துக்கு வரவே வராது. உலகின் மறுமுனையில் நடக்கும் இசையை எடை போட்டு, தன் ஊர் இளைஞருக்கு ஏற்றதைக் கொடுக்கும் தகுதி அவருக்கு வேண்டும். கொல்கத்தாவில் பின்னர் எழுந்த இசைக்குழுக்களின் செவி இப்படிப்பட்ட ஞாயிறுகளில் பழகிய செவிதான்.

பிரிட்டனில் பிபிசியும் வார இறுதியை இப்படியே பேணியது. பிரயன் மேத்யூ 1958 முதல் 'சாட்டர்டே கிளப்' நிகழ்ச்சியில் அன்றைய புதிய இசையை இளைஞர்களுக்கு அறிமுகம் செய்தார். அதே மனிதர் 1990 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சனிக்கிழமைக் காலைகளில் 1960-களின் பாடல்களை அதே தலைமுறைக்கு மறுபடி தொகுத்துக் கொடுத்தார். இளமையில் கேட்ட குரலை முதுமையிலும் கேட்கும் பேறு அந்நேயர்களுக்குக் கிடைத்தது. நிலையம் பொறுமை காட்டினால் மட்டுமே இது நடக்கும்.

பண்பலை வந்த பின்

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. தாகூரின் படைப்புகளுக்கான காப்புரிமை 2001 இறுதியில் முடிந்தது. அதுவரை ரவீந்திர சங்கீதத்தை எப்படிப் பாடலாம், எந்த வாத்தியம் சேர்க்கலாம் என்பதை விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் இசை வாரியம் கண்காணித்துவந்தது. தேபப்ரத பிஸ்வாஸ் போன்ற பெரும் பாடகரே அதனோடு மோதி மனம் நொந்தார். கட்டுப்பாடு நீங்கியதும் புதிய வடிவங்கள் பெருகின. 2003-இல் ரேடியோ மிர்ச்சி, ரெட் எஃப்எம், ஆமார் எஃப்எம், பவர் எஃப்எம் ஆகிய தனியார் பண்பலைகள் கொல்கத்தாவில் ஒலிக்கத் தொடங்கின. சுதந்திரமான பாட்டும் புதிய மேடையும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தன.

வாய்ப்பு பெரிது, பயன்பட்டதோ கொஞ்சம். பெரும்பாலான நிலையங்களில் பாடல் பட்டியலை நிகழ்ச்சித் தலைமையும் மென்பொருளும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆர்ஜே தன் விருப்பப்படி ஒரு பாடலை நுழைக்க முடிவதில்லை. இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. ஏலத்தில் உரிமம் எடுத்த நிறுவனம் எல்லோருக்கும் தெரிந்த பாடலையே பாதுகாப்பானதாக நினைக்கிறது. பாடலுக்கான கட்டணமும் நெடுங்காலம் வழக்காகவே இருந்தது. 2010-இல் காப்புரிமை வாரியம் ஒலிப்பதிவுகளுக்கு விளம்பர வருவாயில் 2 சதவீதம் என்று நிர்ணயித்தது. 2012 சட்டத் திருத்தம் ஒலிபரப்பாளர்களுக்குச் சட்டப்படியான உரிம வழியைத் திறந்தது. கட்டணச் சுமை குறைந்தபோதும் பட்டியல் விரியவில்லை. தடை பணத்தில் மட்டும் இல்லை, துணிவிலும் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

துணிந்தால் நேயர்கள் வருவார்கள் என்பதையும் கொல்கத்தாவே காட்டியது. 2009-இல் ரேடியோ மிர்ச்சி 'சண்டே சஸ்பென்ஸ்' என்ற கதை நிகழ்ச்சியைத் தொடங்கியது. சத்யஜித் ராயின் கதைகள் முதல் வங்காளத்தின் துப்பறியும், அமானுஷ்யக் கதைகள் வரை மீர் அஃப்சர் அலி உள்ளிட்டோரின் குரலில் நாடகமாக ஒலித்தன. குறுகிய துணுக்குகளுக்குப் பழகிவிட்டதாகச் சொல்லப்பட்ட இளைஞர்கள் நீண்ட கதையைப் பொறுமையாகக் கேட்டார்கள். பின்னர் யூடியூபிலும் அது பெரும் கூட்டத்தைத் திரட்டியது. அது இசை நிகழ்ச்சி அல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நேயருக்கு நேரமும் கவனமும் இருக்கின்றன, கொடுக்கத்தான் ஆள் வேண்டும் என்ற உண்மையை அது மறுபடி நிறுவியது. தமிழகப் பண்பலைகள் மெல்லிய பாடல்களை இரவுக்கு ஒதுக்கி, இளையராஜா பாடல்களால் அந்த நேரத்தை நிறைத்தன. ஞாயிறு காலை இங்கே இன்னும் முழுமையாகப் பயன்படுத்தப்படாத நேரமாகவே இருக்கிறது.

தொகுப்பாளர் இல்லாத ஞாயிறு

கொல்கத்தா கிராமபோன் கம்பெனியின் வாரிசான சரிகம நிறுவனம் 2017-இல் 'கார்வான்' என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய வானொலியின் தோற்றம், உள்ளே 5,000 பாடல்கள். வங்காளம், தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் வந்தது. முதியவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். பிள்ளைகள் பெற்றோருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பாடலைத் தேடி அலையாமல் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற வசதி அவர்களுக்குப் பிடித்தது. கைப்பேசிச் செயலிகளோ இன்னும் ஒரு படி மேலே போய், நாம் கேட்டதைக் கொண்டு அடுத்ததைக் கணிக்கின்றன.

இவற்றால் வானொலித் தொகுப்பாளர் தேவையற்றவராகிவிட்டாரா? இல்லை என்பதற்குக் கார்வானே சாட்சி சொல்கிறது. அந்தப் பெட்டியின் இந்திப் பதிப்பில் அமீன் சயானியின் கீத்மாலாவுக்கு இடம் கொடுத்தார்கள். பாடல்கள் மட்டும் போதுமென்றால் அந்தக் குரலுக்கு என்ன தேவை? செயலி நாம் ஏற்கெனவே விரும்பியதன் பக்கத்து வீட்டுக்குத்தான் நம்மை அழைத்துப்போகும். நமக்குத் தெரியாத ஒன்றை, இது உங்களுக்குப் பிடிக்கும் என்று பொறுப்பேற்றுக் கொடுக்க ஒரு மனிதர் வேண்டும். இன்னொன்று: ஊர் முழுவதும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்கும் அனுபவம் செயலியில் இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்தும், தேநீர்க் கடையிலிருந்தும் அதே பாட்டு வரும்போது, தனியாக இருப்பவரும் தனியாக இருப்பதில்லை.

ஒரு மணி நேரத்தை அமைப்பது எப்படி?

வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு வருவோம். அறுபது நிமிடத்தில் நாலரை நிமிடப் பாடல்கள் பத்து போட்டால் முக்கால் மணி போய்விடும். மீதி கால் மணிதான் பேச்சுக்கும் விளம்பரத்துக்கும். 78 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்ததால், அறிவிப்பாளர் அடிக்கடி பேச வேண்டியிருந்தது. இன்று அந்த அவசியம் இல்லை. இரண்டு மூன்று பாடல்களைத் தொடர்ந்து விட்டு, பிறகு அரை நிமிடம் பேசினால் போதும்.

அந்த அரை நிமிடத்தில் என்ன சொல்வது என்பதில்தான் தொகுப்பாளரின் தகுதி தெரியும். பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் ஆகிய மூவரின் பெயரையும் சொல்வது முதல் கடமை. தனியார் நிலையங்களில் இது ஏறக்குறைய மறைந்தேவிட்டது. அடுத்தது, பாட்டைப் பற்றி ஒரு செய்தி. எந்த ராகத்தின் சாயல், எந்தக் குழல் இடையில் வருகிறது, எந்தச் சொல்லில் பாடகர் மூச்சை அடக்குகிறார் என்று காதைத் திசை திருப்பும் ஒரு குறிப்பு. பாட்டு முடியும் முன் குரலை ஏற்றி அதன் கடைசிச் சுரத்தைத் தின்னக் கூடாது. கலகலப்பாக இருக்க வேண்டுமென்று காலையிலேயே கூவக் கூடாது. மைக்குக்கு நெருக்கமாக, ஒருவரிடம் பேசுவதுபோல் பேச வேண்டும். ஆயிரம் பேர் கேட்டாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள்.

பாடல் வரிசையிலும் ஒரு முறை உண்டு. எழுந்தவுடன் கேட்கத் தம்புராவோ ஒற்றைப் புல்லாங்குழலோ பொருத்தம். வீடு விழிக்க விழிக்கத் தாளம் கூடலாம். கொல்கத்தாவில் லுச்சியும் உருளைக்கிழங்குக் கறியும் தட்டுக்கு வரும் நேரத்துக்கு ஏற்றது ஒன்று. பையோடு மீன் சந்தைக்குப் புறப்படும் நேரத்துக்கு ஏற்றது வேறொன்று. லேக் மார்க்கெட் பகுதியில் காபிப் பொடி வாசத்தோடு விடியும் தமிழ் வீட்டுக்கும் அந்நிகழ்ச்சியில் இடம் வேண்டும். தன் ஊரின் ஞாயிறு எப்படி நகர்கிறது என்று அறிந்தவரால்தான் அதற்கு இசை தொடுக்க முடியும். வேறு ஊரிலிருந்து எல்லா நகரங்களுக்கும் ஒரே பட்டியலை அனுப்புவது இந்த அறிவையே வீணாக்குகிறது.

செய்ய வேண்டியவை

கொல்கத்தாவின் அனுபவத்திலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. ஒவ்வொரு நிலையமும், அரசுடையதோ தனியாருடையதோ, வாரத்தில் ஒரே ஒரு காலை மணி நேரத்தையாவது பட்டியலுக்கு வெளியே வைத்து, தகுதியான ஒருவரிடம் முழு உரிமையோடு கொடுக்கட்டும். அவரைக் காலாண்டுக் கணக்கெடுப்பைப் பார்த்து மாற்றாமல், சில ஆண்டுகளாவது விட்டுவைக்கட்டும். மல்லிக்கின் முதல் வகுப்பைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கணக்குப் பார்த்திருந்தால் அந்நிகழ்ச்சி ஓராண்டைத் தாண்டியிருக்காது.

இரண்டாவது, ஆகாசவாணியின் ஒலிப்பெட்டகத்தில் இருப்பதை அலமாரியிலேயே வைத்திருக்காமல் ஞாயிறு காலையில் ஒலிக்கவிடட்டும். தனிப்பாடல்களும், மெல்லிசைப் பாடல்களும், பயிற்சி நிகழ்ச்சிகளும் மக்கள் பணத்தில் உருவானவை. சென்னை, திருச்சி, கொல்கத்தா நிலையங்களின் பழம்பதிவுகளை அறிமுகத்தோடு ஒலிபரப்பினாலே புதிய தலைமுறைக்குப் பெரிய பள்ளி திறந்தது போலாகும்.

மூன்றாவது, சமுதாய வானொலிகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004-இலும், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் ரேடியோ ஜேயூ 2008-இலும் தொடங்கின. விளம்பர நெருக்கடி அதிகமில்லாத இந்த நிலையங்களில்தான் மறுபடி ஒரு பாட்டு வகுப்பை ஞாயிறு காலையில் நடத்திப்பார்க்க முடியும். மாணவர்களே தொகுப்பாளர்களாகப் பழகலாம். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கைமாற்றிக் கொடுக்கலாம். 1975-இல் நடக்காமல் போனது இங்கே நடக்கட்டும்.

நேயர் சோம்பேறி, அவருக்குத் தெரிந்ததை மட்டும் கொடுத்தால் போதும் என்று நம்புகிற நிலையம் நாளடைவில் அவரை இழக்கும். எட்டாயிரம் பெட்டிகள்கூட இல்லாத நாட்டில், கேட்பவர் கற்றுக்கொள்வார் என்று நம்பிப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவரைப் பல தலைமுறைகள் கேட்டன. கோடிக்கணக்கான கைப்பேசிகளில் வானொலி கேட்க முடிகிற இந்நாளில் அந்த நம்பிக்கையை வைக்க நமக்கு இன்னும் அதிகக் காரணம் இருக்கிறது. வார இறுதிக் காலையின் மெல்லிசை நிகழ்ச்சியை நிலையத்தின் மிகச் சிறந்த மனிதரிடம் ஒப்படைப்பதே அதற்கு முதல் அடி.